கறுத்த சீலிங்கா, வெளுத்த சீலிங்கா? தீப்பிடித்த கான்கிரீட்டை அடையாளம் பார்த்துச் சரிசெய்வது

மன்னார்குடிப் பக்கம் ஒரு பந்தல் சாமான் குடோன். துணி, பிளாஸ்டிக் நாற்காலி, சீரியல் லைட் மூட்டை எல்லாம் ஒரே அறையில். தீப்பிடித்து அணைந்த மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் பாதிச் சீலிங்குக்கு மேஸ்திரி வெள்ளையடித்து முடித்திருந்தார்.

"கறுப்பா கெடந்துச்சு சார், பார்க்கவே சகிக்கல. வீட்டம்மா வேற அழுவுறாங்க. அதான் மொதல்ல சுத்தம் பண்ணிருவோம்னு..."

"அண்ணே, நீங்க அடிக்கிறதுக்கு முன்னாடி எந்த இடம் தானாவே வெள்ளையா இருந்துச்சு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் நடுச்சீலிங்கைக் காட்டினார். "அங்க மட்டும் கரியே இல்ல சார். சாமி புண்ணியத்துல தப்பிச்சிருச்சு."

தப்பிக்கவில்லை. அந்த அறையிலேயே மோசமாக அடிபட்ட இடம் அதுதான்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். அதற்குப் பிறகு டெல்டாவில் பள்ளிகள் கீற்றை விட்டுக் கான்கிரீட்டுக்கு மாறின. சரியான முடிவுதான். ஆனால் கூடவே ஒரு நினைப்பும் வந்து ஒட்டிக்கொண்டது: கான்கிரீட்டை நெருப்பு ஒன்றும் செய்யாது என்று. கான்கிரீட் எரியாது, ஆனால் வேகும். செங்கல் வெந்தால் இறுகுகிறது, கான்கிரீட் வெந்தால் உதிர்கிறது.

ஆற்று மணலும் கருங்கல் ஜல்லியும் போட்ட சாதாரணக் கான்கிரீட்டை எடுத்துக்கொள்வோம். 300 டிகிரி வரை பெரிய நஷ்டமில்லை, 15 சதவீதம் போல பலம் குறையும். 500 டிகிரியில் 60 சதவீதம்தான் மிச்சம். 600-ல் பாதிக்கும் கீழே. 800-ல் 15 சதவீதம். ஆறினால் பழைய பலம் திரும்பும் என்று நினைக்க வேண்டாம். ஆறும்போது இன்னும் கொஞ்சம் குறையும்.

நல்ல சேதி ஒன்று உண்டு. சூடு கான்கிரீட்டுக்குள் மிக மெதுவாக இறங்கும். ஒரு மணி நேரம் முழு வீச்சில் எரிந்த அறையில் காற்றின் சூடு 900 டிகிரியைத் தாண்டியிருக்கும். அப்போதும் சீலிங்குக்குள் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் 500-ஐ ஒட்டித்தான் இருக்கும், ஐந்து சென்டிமீட்டரில் 300-க்கும் கீழே. ஆகவே கீழே எந்த அடையாளத்தைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எவ்வளவு ஆழம்?

உள்ளே போவதற்கு முன்

மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கேரியரையும் பிடுங்குங்கள். அணைந்து ஒரு நாளாவது போகட்டும். ஆறும்போதுதான் துண்டு துண்டாக விழும். ஹெல்மெட் இல்லாமல் யாரும் வேண்டாம். ஒரு சாமானைக்கூட அள்ளிக் கொட்டாதீர்கள். உருகியது, வளைந்தது, கருகியது எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். இன்சூரன்ஸுக்கு என்று மட்டும் சொல்லவில்லை, அவைதான் நமக்குத் தெர்மாமீட்டர்.

சீலிங் கறுத்திருக்கிறது, நடுவில் திட்டாக வெளுத்திருக்கிறது

கரி படிந்த இடத்தைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் வயிறு கலங்கும். உண்மையில் கரி படிந்து அப்படியே நிற்கிறது என்றால், அந்தக் கரியே எரிந்து போகிற அளவுக்கு அங்கே சூடு ஏறவில்லை என்று அர்த்தம். புகை வந்து ஒட்டியது, அவ்வளவுதான். ஈரத்துணியால் துடைத்து, சுத்தியால் தட்டிப் பார்த்து, பெரும்பாலும் பூச்சோடு விட்டுவிடலாம்.

சுற்றிலும் கறுத்து நடுவில் சுத்தமாக வெளுத்திருந்தால், முதலில் படிந்த கரியைப் பிற்பாடு வந்த சூடு எரித்துத் தின்றுவிட்டது. தீயின் அடிநெஞ்சு அந்த இடத்துக்கு நேர் கீழே இருந்தது. அங்கேதான் ஏணி போட வேண்டும்.

ஏமாந்துபோகவும் இடமுண்டு. தீ அணையும் நேரத்தில் பூச்சு பெயர்ந்து விழுந்திருந்தால் அந்த இடமும் வெளுப்பாகத் தெரியும். தீயணைப்பு வண்டித் தண்ணீர் பீய்ச்சி அடித்த இடத்திலும் கரி கழுவிப்போயிருக்கும். பூச்சு விழுந்த இடத்தில் விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும், தண்ணீர் அடித்த இடத்தில் கீழ்நோக்கிக் கோடு இறங்கியிருக்கும். எரிந்து வெளுத்த இடத்தில் விளிம்பே இருக்காது; கறுப்பு, சாம்பல், வெளுப்பு என்று கரைந்து போகும்.

பிறகு தரையில் கிடக்கிற சாமான்களைப் பாருங்கள். அலுமினிய அன்னக்கூடை உருகி வழிந்திருந்தால் அந்த இடம் 660 டிகிரியைத் தாண்டியது. டியூப்லைட், பாட்டில் கண்ணாடி முனை மழுங்கி உருண்டிருந்தால் 700-க்கு மேல். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒன்று முகம் சரிந்து கிடந்தால் 900-ஐத் தொட்டிருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி உருகியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அது 165 டிகிரியிலேயே ஒழுகிவிடும். செம்பு ஒயர் நுனியில் மணி மணியாக உருகியிருந்தால் அவசரப்பட்டு 1,085 டிகிரி என்று எழுதிவிடாதீர்கள். ஷார்ட் சர்க்யூட் பொறியே அந்த மணியை உருட்டிவிடும். இன்னொன்று, சாமான் எந்த உயரத்தில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தரையில் 300 இருக்கும்போதே சீலிங்கில் 700 இருக்கலாம்.

கொத்திப் பார்த்தால் உள்ளே ரோஜா நிறம்

வெந்த கான்கிரீட் காட்டுகிற அடையாளங்களில் நான் மிகவும் நம்புவது இதைத்தான். மணலிலும் ஜல்லியிலும் இருக்கிற இரும்புச் சத்து 300 டிகிரி வாக்கில் நிறம் மாறும். கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். இன்னும் ஏறி 600 பக்கம் போனால் சிவப்பு மறைந்து வெளுத்த சாம்பல் நிறம் வரும். 900, 1,000 என்று போனால் மங்கிய மஞ்சள் தட்டும். ஆறினாலும் இந்த நிறம் மாறாது. ஒரு வருடம் கழித்துப் போனாலும் காட்டிக்கொடுக்கும்.

மேல்பரப்பில் பார்த்துப் பயனில்லை, கரியும் பூச்சும் மறைக்கும். உளி வைத்து ஒரு சில்லைப் பெயர்த்து, புதிதாக உடைந்த முகத்தை லேசாகத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். வேறொரு அறையில் தீப்படாத இடத்திலும் ஒரு சில்லு எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வது முக்கியம். சில மணல் பிறவியிலேயே சிவப்பு ஓடும். பழைய வீடுகளில் சுர்க்கி (செங்கல் தூள்) கலந்திருப்பார்கள், அதுவும் சிவப்பு. எம்-சாண்ட் போட்ட கான்கிரீட்டில் நிறமாற்றம் சில சமயம் மங்கலாகவே இருக்கும். அதனால் ரோஜா நிறம் தெரிந்தால் வெந்தது உறுதி. தெரியாவிட்டால் வேகவில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆழம் பார்க்க நான் செய்வது: டிரில் மிஷினை மெதுவாக ஓட்டி, வருகிற தூளை வெள்ளைக் காகிதத்தில் ஐந்து ஐந்து மில்லிமீட்டராகத் தனித்தனியே பிடிப்பேன். முதல் குவியல் வெளுப்பு, அடுத்தது ரோஜா, அடுத்தது பழைய சாம்பல். எந்தக் குவியலில் நிறம் பழையபடி ஆகிறதோ அதுவரைதான் சேதம். குடோனின் நடுச்சீலிங்கில் ரோஜா 25 மில்லிமீட்டர் வரை போயிருந்தது. கறுத்த ஓரத்தில் பூச்சைத் தாண்டவே இல்லை.

இனி என்ன செய்வது? ரோஜாவாக மாறிய கான்கிரீட் வேலைக்காகாது என்று வைத்துக்கொண்டு கொத்தி எடுத்துவிடுங்கள். நிறம் கம்பி வரை போனால் கம்பியும் போச்சு என்று பதற வேண்டாம். 300 டிகிரி கம்பிக்குப் பெரிய விஷயமில்லை. ரோஜா கம்பியைத் தாண்டி உள்ளே போயிருந்தாலோ, வெளுத்த சாம்பல் கம்பியைத் தொட்டிருந்தாலோதான் அடுத்த பகுதி உங்களுக்கு.

தட்டிப் பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்னச் சுத்தியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் 'டங்' என்கும், வெந்த இடம் 'டொப்' என்கும். பலாப்பழம் தட்டிப் பார்க்கத் தெரிந்தவருக்கு இதற்குப் பயிற்சி தேவையில்லை. சாக்பீஸால் எல்லை போட்டுவிடுங்கள். ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசானிக் சோதனை எல்லாம் அப்புறம் வரட்டும். ரீபவுண்ட் ஹேமர் மேல்தோலின் கடினத்தைத்தான் சொல்லும்; கரடுமுரடாகப் பெயர்ந்த பரப்பில் அது சொல்வதை நான் நம்புவதில்லை. பெரிய கட்டடம் என்றால் கோர் (உருளையாகத் துளைத்தெடுத்த கான்கிரீட் துண்டு) எடுத்துத் திருச்சி, தஞ்சாவூர் பொறியியல் கல்லூரிச் சோதனைக்கூடங்களில் கொடுத்துவிடுவது நல்லது.

கான்கிரீட் பொத்துக்கொண்டு விழுந்து கம்பி தெரிகிறது

தீ எரியும்போதே பட்டாசு மாதிரி வெடித்துத் தெறித்தது என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். பொய்யில்லை. கான்கிரீட்டுக்குள் இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழி கிடைக்காவிட்டால் மேல்தோலைத் தூக்கி எறிந்துவிட்டு வரும். பெரும்பாலும் தீப்பிடித்த முதல் அரை மணிக்குள் நடந்துவிடும். ஈரம் காயாத புதுக் கட்டடத்திலும், வாய்க்கால் ஊறல் ஏறுகிற கீழ்த்தளச் சுவர், காலம் (தூண்) முதலியவற்றிலும் இது அதிகம். கெட்டியாகப் போட்ட உயர் ரகக் கான்கிரீட்டிலும் அதிகம். அடர்த்தி கூடினால் ஆவிக்கு வழி குறைகிறது, அதுதான் காரணம். நகரங்களில் சுரங்கப்பாதைக் கான்கிரீட்டில் பாலிபுரொப்பிலீன் இழை கலப்பது இதற்காகத்தான்: 160 டிகிரியில் இழை உருகி, அது இருந்த இடம் ஆவிக்குப் பாதையாகிவிடும்.

இப்போது கம்பி. முதல் கேள்வி: நேராக இருக்கிறதா, தொங்கிவிட்டதா?

நேராக இருந்து, சுற்றியுள்ள கான்கிரீட்டும் 'டங்' என்றால் பிழைத்தோம். தொங்கியிருந்தால் அந்தக் கம்பி சூட்டில் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. 600 டிகிரியில் கம்பியின் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். முதலில் முட்டு, பிறகுதான் மற்றது.

அடுத்த கேள்வி: என்ன கம்பி? 1970, 80-களில் கட்டிய கட்டடங்களில் முறுக்குக் கம்பி இருக்கும், டார்ஸ்டீல் என்பார்கள். கம்பியின் மேலிருக்கும் வரி புரிபுரியாகச் சுற்றிப் போவதை வைத்து அடையாளம் கண்டுவிடலாம். குளிர்நிலையில் முறுக்கித்தான் அதற்குப் பலம் ஏற்றியிருக்கிறார்கள். 450 டிகிரியைத் தாண்டினால் அந்த முறுக்கின் பலன் போய்விடும், ஆறினாலும் திரும்பாது. இப்போதைய டிஎம்டி கம்பிக்கு வெளித்தோலைத் தண்ணீரில் திடீரென்று ஆற்றிப் பலம் ஏற்றுகிறார்கள். 500, 600 டிகிரியில் நின்றால் அந்தத் தோல் இளகிவிடும். முறுக்காத பழைய உருட்டுக் கம்பி மட்டும் 600 வரை வெந்தாலும் ஆறியபின் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வரும். பழசுதான், ஆனால் இந்த விஷயத்தில் அதுதான் கெட்டி.

சந்தேகமிருந்தால் ஓரமாக ஒரு முழத் துண்டை வெட்டி இழுவைச் சோதனைக்கு அனுப்புங்கள். முட்டுக் கொடுக்காமல் வெட்ட வேண்டாம்.

கம்பிக்குக் கீழே எத்தனை மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடுகிற கான்கிரீட்டின் கனம்) இருந்தது என்று அளக்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும். ஒரு மணி நேரத் தீயைத் தாங்கத் தளத்துக்கு 20 மில்லிமீட்டர் கவரும் 95 மில்லிமீட்டர் கனமும், காலத்துக்கு 40 மில்லிமீட்டர் கவரும் வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. நாம் செய்வது என்ன? கவர் கட்டைக்குப் பதில் ஒரு ஜல்லிச் சில்லைக் கம்பிக்கு அடியில் செருகுகிறோம். கான்கிரீட் கொட்டும்போது யாராவது கம்பி மேல் ஏறி நின்றால் சில்லு நழுவி, கம்பி சென்ட்ரிங் பலகையில் போய்ப் படுத்துக்கொள்ளும். எட்டு மில்லிமீட்டர் கவரை நானே அளந்திருக்கிறேன். இரண்டு ரூபாய்க் கட்டையில் மிச்சம் பிடித்த கணக்கு அது.

சரிசெய்யும் முறை: ரோஜா, வெளுப்பு எல்லாம் போகும்வரை சின்ன மிஷினால் கொத்துங்கள், பெரிய பிரேக்கர் வைத்து அதிரவிட்டால் நல்ல கான்கிரீட்டும் விரிசல் விடும். கம்பியைச் சுற்றி விரல் நுழைகிற இடம் விட்டு, ஒயர் பிரஷ் போட்டு, தேவையானால் புதுக் கம்பி சேர்த்துக் கட்டுங்கள். பரப்பை முந்தின நாளே நனைத்து வைத்து, வேலை செய்யும்போது மேலே தண்ணீர் மினுங்காத பதத்தில் பாலிமர் மார்ட்டரோ (பாலிமர் சேர்த்த சிமெண்ட் கலவை) மைக்ரோ கான்கிரீட்டோ (பொடி ஜல்லிக் கான்கிரீட்) ஏற்றுங்கள். ஏழு நாள் ஈரச் சாக்கு. ஒன்றுக்கு மூன்று கலவையை அள்ளி அப்பிப் பூசி முடிப்பது முகத்துக்குப் பவுடர் போடுவது மாதிரி.

பலம் கூட்டக் கார்பன் ஃபைபர் துணி ஒட்டித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் ஒன்று கேளுங்கள். அதை ஒட்டுகிற எபாக்ஸி பசை 60, 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அடுத்த முறை தீ வந்தால் அதை எது காக்கும்?

தளம் தொங்கினாற்போல் தெரிகிறது

கண்ணை நம்ப வேண்டாம். சீலிங்குக்குக் குறுக்கே நூல் பிடித்து நடுவில் அளந்து பாருங்கள். நான்கு மீட்டர் தளத்துக்குப் பதினாறு மில்லிமீட்டர், அதாவது நீளத்தில் 250-ல் ஒரு பங்கு, என்பது சாதாரண நாளில் அனுமதிக்கிற எல்லை. அதைத் தாண்டினாலும் சரி, தாண்டாமல் தினமும் ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் சரி, அன்றைக்கே முட்டுப் போட வேண்டும்.

சவுக்கு முட்டோ இரும்பு ஜாக்கியோ, நாலடிக்கு ஒன்று. தளத்தைத் தூக்க முயலாதீர்கள், தொட்டு நின்றால் போதும். மாடியில் தீ என்றால் முட்டு கீழ்த்தளம் வரை நேருக்கு நேர் இறங்க வேண்டும். நம் பக்கத்துக் களிமண் தரையில் ஒரு சிக்கல் உண்டு: தீயணைப்பு வண்டித் தண்ணீர் ஊறி இளகிய மண்ணில் முட்டு ராத்திரியோடு ராத்திரியாக இறங்கிவிடும். அடியில் தடித்த பலகை போட்டு, காலையில் ஆப்பை இறுக்கிப் பாருங்கள்.

தீ அணைந்து ஒரு வாரம் கழித்துப் புதிதாக விரிசல், பொரிந்து மாவாகிறது

"அன்னைக்கு நல்லாத்தான் சார் இருந்துச்சு, மழை பேஞ்ச மறுநாள்தான் இப்படி." இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. சிமெண்ட் இறுகும்போது உள்ளே சுண்ணாம்பு உண்டாகிறது. 400 முதல் 500 டிகிரிக்குள் அந்தச் சுண்ணாம்பிலிருந்து தண்ணீர் பிரிந்து அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு மழையோ காற்றின் ஈரமோ பட்டால் மறுபடி நீறும். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்துத் தண்ணீர் தெளித்தால் எப்படிப் பொங்கி உப்பி மாவாகிறது? வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு அப்படித்தானே பிறக்கிறது. அதே பொங்கல் கான்கிரீட்டுக்குள் நடந்தால் உள்ளிருந்து பிளக்கும்.

எனவே தீப்பட்ட கட்டடத்தை ஒரே நாளில் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது. இரண்டு, மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை சுத்தியோடு போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை என்றால் அதற்குள் மழையே சோதனையை முடித்துவைத்திருக்கும். மாவானதை எல்லாம் கொத்தி எடுப்பதுதான் வழி; மேலே பூசினால் பூச்சையும் தள்ளிக்கொண்டு வரும்.

தீப்பிடித்தது ஒரு அறையில், விரிசல் விட்டது வேறொரு அறையில்

பீம் சூட்டில் நீண்டிருக்கிறது. ஆறு மீட்டர் பீம் சராசரியாக 300 டிகிரி ஏறினால் சுமார் 18 மில்லிமீட்டர் நீளும். அது கோடியிலுள்ள காலத்தின் தலையைத் தள்ளும். தள்ளிவிட்டுத் தான் மட்டும் ஆறிச் சுருங்கிக்கொள்ளும். காலத்துக்குத் தூக்குக்குண்டு போட்டுப் பாருங்கள், பீமும் காலமும் சேரும் இடத்தில் பூச்சை உரித்துச் சாய்வான விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சாய்வு விரிசல் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

மொட்டை மாடியில் அடுக்கிய வைக்கோல் எரிந்தது

தை, மாசியில் சம்பா அறுத்து, மிஷின் கட்டிய வைக்கோல் கட்டுகளை மாடியில் அடுக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. தீப்பிடித்தால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் சாதாரணத் தளத்துக்கு இது நீங்கள் நினைப்பதைவிடச் சின்னச் சேதம். சுவாலை மேலே போகிறது. தளத்தின் நடுப்பகுதிக்கான முக்கியக் கம்பி அடியில் இருக்கிறது. மேலே செங்கல்ஜல்லி சுண்ணாம்புத் தளம் போட்டுத் தட்டோடு பதித்திருந்தால் கேட்கவே வேண்டாம். செங்கல்ஜல்லி ஏற்கெனவே காளவாயில் வெந்தது, நெருப்பு அதற்குப் புதிதல்ல. ஓடு நான்கு வெடித்திருக்கும், மாற்றிவிட்டு ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் வைக்கோல் சன்ஷேடு மேலோ, வெளியே நீட்டிய பால்கனி மேலோ எரிந்திருந்தால் கதையே வேறு. அவற்றின் முக்கியக் கம்பி மேல்பக்கத்தில் இருக்கிறது, நெருப்புக்கு நேர் அடியில். கீழிருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும், மேலே வெந்திருக்கும். சுவரோடு சேரும் இடத்தில் மேல்பக்கமாகத் துளைபோட்டுத் தூள் நிறம் பாருங்கள். பார்த்து முடிக்கும்வரை அதன் கீழே கட்டில் போடவோ வண்டி நிறுத்தவோ வேண்டாம்.

நனைந்த வைக்கோலை உடனே இறக்குங்கள். தண்ணீர் குடித்த கட்டு பல மடங்கு கனம், அந்தப் பாரம் சூடுபட்ட தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு உள்ளே நாட்கணக்கில் கனன்றுகொண்டும் இருக்கும்.

சமையல்கட்டுத் தரை அடுப்பு வைத்தால் வெடித்துத் தெறிக்கிறது

கல்யாண மண்டபங்களில் வருகிற புகார். சிமெண்ட் தரை மேல் நேராகக் கோட்டை அடுப்பு மூட்டுகிறார்கள். கஞ்சி வடித்தது, பாத்திரம் கழுவியது எல்லாம் ஊறிய தரை. கேட்க வேண்டுமா? சமையல்காரர் கணுக்காலில் சில்லு பாயும். அதே இடத்தில் மறுபடி சிமெண்ட் பூசிக்கொண்டே இருப்பது வீண். ஆற்று மணலில் இருக்கிற குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று உப்பும், எந்த சிமெண்டும் அதைப் பிடித்து வைக்காது. அடுப்பு மூட்டுகிற இடத்தைத் தனியாகப் பிரித்து, அரை அடி மணல் நிரப்பி, மேலே சுட்ட செங்கலைக் கலவையில்லாமல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். நிரந்தர அடுப்பு என்றால் ஃபயர் பிரிக்கும் அதற்குரிய மண்ணும்.

அரிசி ஆலையில் உமி அடுப்பை ஒட்டிய காலத்துக்கும் ஏறக்குறைய இதே மருந்துதான். அங்கே தீப்பிடிப்பதில்லை, வருடக்கணக்கில் தினமும் சூடாகி ஆறுகிறது. வலைபோல் விரிசல் விழும். காலத்துக்கும் அடுப்புச் சுவருக்கும் நடுவே காற்று ஓட ஒரு சாண் இடைவெளி விட்டு, ஃபயர் பிரிக்கில் ஒரு மறைப்புச் சுவர் கட்டிவிட்ட பிறகு விரிசலைச் சரிசெய்யுங்கள்.

எல்லாம் சரிசெய்து ஒரு வருடம் கழித்துக் கம்பி துரு கக்குகிறது

இதில் நானே கோட்டைவிட்டேன். பிவிசி ஒயர், பைப் எரிந்தால் வருகிற புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அது சீலிங்கிலும் சுவரிலும் படிந்து, ஈரத்தோடு சேர்ந்து குளோரைடாக உள்ளே இறங்கும். கடல் உப்பு கம்பிக்குச் செய்கிற அதே வேலையைச் செய்யும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஏற்கெனவே உப்புக்காற்று, இரட்டைக் கேடு. இது தீயின் நடுவில் அல்ல, சூடே படாத கறுத்த மூலையில்தான் கம்பியைத் தாக்கும்.

ஒயரோ பைப்போ நிறைய எரிந்திருந்தால் கரியைத் தேய்த்துப் பரப்பாமல், முதல் சில நாட்களிலேயே நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி எடுங்கள். போர் தண்ணீர் உப்பென்றால் லாரித் தண்ணீர் வாங்குங்கள். பூச்சை உரித்துவிடுங்கள். பத்து, இருபது, முப்பது மில்லிமீட்டர் ஆழங்களில் துளைத்த தூளைக் குளோரைடு சோதனைக்குக் கொடுங்கள். கம்பியுள்ள கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோ என்பது ஐ.எஸ். 456 புதுக் கான்கிரீட்டுக்கு வைத்திருக்கிற எல்லை. அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

மன்னார்குடி குடோனில் நடுச்சீலிங்கை ஒழுங்காகக் கொத்தி மைக்ரோ கான்கிரீட் ஏற்றினோம், இன்றும் கல்லுப்போல் இருக்கிறது. சீரியல் லைட் மூட்டைகள் கிடந்த தென்மேற்கு மூலையை, வெறும் கரிதானே என்று துடைத்துப் பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிட்டேன். பதினான்கு மாதத்தில் பெயிண்டுக்கு மேல் கம்பி வரிசைக்கு நேராகப் பழுப்புக் கோடுகள். அந்த மூலையைக் கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுத்து மறுபடி போட்டுக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை.